சுவர்விதவை

ஜெர்மனியின் தெற்குப் பக்கத்தில், ஒரு ஆறும் ஒரு ரயில் நிலையமும் இரண்டு தேவாலயமும் தவிரச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத ஒரு சின்ன நகரத்தில், நாலுமாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில், தவமலர் என்கிற யாழ்ப்பாணத்துப் பெண்ணின் குசினிக்கும் எப்லே என்கிற ஜெர்மன் மனுசியின் குசினிக்கும் நடுவில் நாற்பத்தைந்து வருஷமாக நின்ற சுவர், ஒரு சனிக்கிழமை காலை, இரண்டு பேரும் அவரவர் அடுப்படியில் நிற்கையில், போய்விட்டது. விழவில்லை, வெடிக்கவில்லை, ஒரு பிடி தூசுகூடக் கொட்டவில்லை. இந்தப் பக்கம் தொங்கிய முருகன் காலண்டரும் அந்தப் பக்கம் தொங்கிய ஆறு பீங்கான் தட்டும் நிலத்தில் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன, வீட்டை விட்டுப் போகிறவன் திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போவதுபோல.

எப்லேயின் கையில் அந்த நேரம் வீடு கூட்டுகிற தும்புத்தடி இருந்தது. தவமலர் கடுகு தாளித்தால் போதும், அந்த மனுசி தும்புத்தடியைத் திருப்பிப் பிடித்துச் சுவரில் மூன்று இடி இடிப்பாள். பத்து வருஷமாக அதுதான் வழக்கம். அன்றைக்கும் ஓங்கி இடித்தாள். இடிக்கச் சுவர் இல்லாததால் தடியோடு முன்னால் தடுமாறி, தவமலரின் வெங்காயக் கூடைக்கு ஒரு சாண் தள்ளி நின்றாள். இரண்டு பேரும் முதல்முறையாகக் குசினியில் வைத்து முகத்துக்கு முகம் பார்த்தார்கள். பார்த்துவிட்டு எப்லே சொன்னது, "உங்கள் எண்ணெய் என் பக்கம் தெறிக்கிறது" என்பதுதான். தவமலர் தாச்சியை மூடினாள். ஐயோ சுவரைக் காணவில்லையே என்று இரண்டு பேரில் ஒருத்திகூடச் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் மற்றவளுக்குப் பயந்ததாகிவிடும் என்று இரண்டு பேருக்கும் வீம்பு.

பகை என்றால் சாதாரணப் பகை இல்லை. எப்லே வீட்டுச் சொந்தக்காரக் கம்பனிக்குத் தவமலரைப்பற்றிப் பதினாலு கடிதம் போட்டவள்: மீன் மணக்கிறது, செருப்பு வாசலில் கிடக்கிறது, படியில் நின்று சத்தமாகக் கதைக்கிறாள். தவமலரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு கிழமை, காலை ஆறரைக்கே உரலை நிலத்தில் வைத்துச் செத்தல் மிளகாய் இடித்தாள். அந்தக் கிழமை முழுக்க எப்லே தும்மிக்கொண்டே படியிறங்கினாள். ஊரில் எல்லை வேலிக்குச் சண்டை பிடித்த சனத்தின் ரத்தம் அது, ஜெர்மன் குளிருக்கெல்லாம் உறையாது.

இவ்வளவு கொழுவலுக்கும் நடுவில் தவமலர் ஏன் வேறு வீடு பார்த்துப் போகவில்லை என்று தமிழ்ச் சனம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனது. வாடகையும் அதிகம், யன்னலில் வெயிலும் இல்லை. ஆனால் அந்த வீட்டு விலாசத்தைத்தான் அவள் தன் புருஷன் இராசரத்தினத்துக்குக் கடைசியாக எழுதிய கடிதத்தில் எழுதியிருந்தாள். அவர் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, சண்டை நடந்த கிளாலிக் கடலைக் கடந்து, கொழும்பு வழியாக ஜெர்மனிக்கு வர வள்ளம் ஏறியவர். வள்ளத்தில் ஏறியதைக் கண்ட ஆள் உண்டு, இறங்கியதைக் கண்ட ஆள் இல்லை. உடம்பும் கிடைக்கவில்லை. அதனால் தவமலரின் கணக்கில் அவர் இன்னும் வந்துகொண்டிருக்கிறார், வந்து சேர இந்த ஒரு விலாசம்தான் அவரிடம் இருக்கிறது. நெற்றிப் பொட்டும் கழுத்துத் தாலிக்கொடியும் இருந்த இடத்திலேயே இருந்தன. நகரசபைக் கந்தோரில் எந்தப் படிவம் கொடுத்தாலும் "திருமணமானவர்" என்கிற பெட்டிக்குள் பேனை கிழியக் கிழியப் புள்ளடி போட்டாள். தமிழ்க் கலியாணங்களில் அவளை ஆரத்தி எடுக்கக் கூப்பிடவும் மாட்டார்கள், கூப்பிடாமல் விட்டதற்குக் காரணத்தைச் சொல்லவும் மாட்டார்கள். அவளும் பின்வரிசையில் இருந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவாள். வயிறு எரியும்தான், ஆனால் வாயால் யாரும் சொல்லாதவரைக்கும் தாங்கினாள்.

சுவர் போன செய்தியை அந்தக் கட்டடம் எப்படி எடுத்துக்கொண்டது என்பதைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். முதலில் கம்பனிக்காரன் அளவு நாடாவோடு வந்தான், சுவர் இருந்த இடத்தை நாலு தரம் அளந்தான், அளவு சரியென்று எழுதிக்கொண்டு போனான். காப்புறுதிக்காரன் வந்து, இடிந்த சுவருக்குத்தான் நட்டஈடு, இது இடியவில்லை, ஆகவே இங்கே சேதம் ஒன்றும் நடக்கவில்லை என்றான். பிறகு தச்சர்கள் வந்து பலகையால் ஒரு தடுப்பு அடித்தார்கள். மாலைவரை நின்றது, விடிய இல்லை. மறுபடி அடித்தார்கள், மறுபடி இல்லை. மூன்றாம் தடவைக்குப் பிறகு தச்சர்கள் ஆணிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, இப்படியான சுவர் தங்களுக்கும் ஒன்றிரண்டு தெரியும் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். எப்லே ஒரு திரைச்சீலை கட்டிப் பார்த்தாள், தவமலர் பழைய நூல்சேலை ஒன்றைக் கட்டிப் பார்த்தாள். இரண்டும் சுவர் போன வழியே போயின. சேலை போனதுதான் தவமலருக்குக் கொதி, ஏனென்றால் அது நல்ல சேலை.

கட்டடத்தின் மற்ற ஆறு வீட்டுச் சனத்துக்கும் சுவர் ஒரு பொருட்டே இல்லை. அவர்களுடைய கவலை வேறு. அந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு முறை உண்டு: ஒரு சின்னப் பலகை, "கூட்டும் வாரம்" என்று எழுதியிருக்கும், அது கிழமைக்குக் கிழமை ஒரு வீட்டுக் கதவுக் கைபிடியிலிருந்து அடுத்த வீட்டுக் கைபிடிக்கு நகரும். பலகை எவன் கதவில் தொங்குகிறதோ அவன் அந்தக் கிழமை படி கூட்டவேண்டும், துடைக்கவேண்டும், வாசல் பனியை வழிக்கவேண்டும். எட்டு வீடு, ஆகவே எட்டுக் கிழமைக்கு ஒரு முறை. இப்போது சுவர் இல்லை என்றால் அந்த இரண்டு வீடும் ஒரு வீடா, இரண்டு வீடா? ஒரு வீடு என்றால் எல்லாருக்கும் ஏழு கிழமைக்கு ஒரு முறை வந்துவிடும்! இதைக் கேட்டதும்தான் கட்டடம் பதறியது. நிலவறையில், சைக்கிள்களுக்கு நடுவில் கதிரை போட்டுக் கூட்டம் வைத்தார்கள். ஒன்றல்ல, மூன்று கூட்டம்.

கூட்டத்துக்குத் தலைமை கூர்ட்ஸ் என்கிற ஓய்வுபெற்ற ரயில்வே உத்தியோகத்தர். குறிப்பெழுதாமல் கொட்டாவிகூட விடாத மனுசன். முதல் கூட்டத்தில் எப்லே, தவமலரின் முறையைத் தன் முறையோடு சேர்த்தால் வழக்குப் போடுவதாகச் சொன்னாள். தவமலர், எப்லே கூட்டிய படியைத் தான் எப்போதும் இரண்டாம் தரம் கூட்டிய பிறகுதான் நடந்ததாகத் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னாள். இரண்டாம் கூட்டத்தில் ஒருத்தன், வெளிநாட்டுக்காரி வந்த பிறகுதானே சுவர் போனது என்று தொடங்கினான்; இன்னொருத்தி, சுவரும் பாவம் எத்தனை வருஷம்தான் அந்த இரண்டு பேரையும் தாங்கும் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், அந்த இரண்டு பேரைத் தவிர.

மூன்றாம் கூட்டத்தில்தான் அந்தச் சொல் பிறந்தது. ஜெர்மன்காரருக்கு ஒரு பழக்கம்: ஒன்றுக்குப் பெயர் இல்லையென்றால் புதிதாக ஒன்றைத் தேடி அலையமாட்டார்கள், கையிலிருக்கிற இரண்டு சொல்லைப் பிடித்து, சம்மதம் கேட்காமல், ஒன்றோடு ஒன்று ஒட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவை பிரியாது. கூர்ட்ஸ் குறிப்பேட்டில் "இந்த இரண்டு பெண்களும்" என்று எழுதிவிட்டு, இவர்களை என்னவென்று எழுதுவது என்று கேட்டார். ஏழு கிழமையாகச் சுவரில்லாமல் தவமலரின் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்த எப்லே அப்போது எழும்பினாள். அவள் எல்லாவற்றையும் கண்டிருந்தாள்: நடையில் கிடந்த புதுச் சப்பாத்து, உறை பிரிக்காத சவர அலகு, ஞாயிறு தோறும் தவமலர் ஸ்திரி போட்டுத் திரும்ப அலுமாரிக்குள் வைக்கிற ஆம்பிளைச் சட்டை ஒன்பது.

"என் மனுசன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பதினேழு நாள் கிடந்து செத்தார்," என்றாள் எப்லே. "கண்ணை நான் மூடினேன். மண்ணை நான் போட்டேன். என்னை விதவை என்று எழுதுங்கள், அதை நான் கஷ்டப்பட்டு வாங்கினேன். இவள் யார்? இவளிடம் ஒரு பிணமாவது இருக்கிறதா?"

தவமலர் எழும்பவில்லை. "என் மனுசன் வருவார்," என்றாள், இருந்த இடத்திலிருந்தே.

"பத்து வருஷமாகவா?"

"நீங்கள் சுவரில் இடித்ததும் பத்து வருஷம்தான். நான் கடுகு தாளிக்கிறதை விட்டேனா?"

கூர்ட்ஸ் இரண்டு பேரையும் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். நேரம் போகிறது, வீட்டில் சூப் ஆறுகிறது. சுவருக்கு ஜெர்மனில் வாண்ட், விதவைக்கு விட்வே. இரண்டையும் ஒட்டி, "வாண்ட்விட்வே" என்று எழுதினார், சுவருக்கு விதவையானவள். ஆளுக்குப் புருஷன் இருந்தானோ செத்தானோ தனக்குத் தேவையில்லை, இரண்டு பேருக்கும் சுவர் போனது உண்மை, ஆகவே இந்தப் பெயர் இரண்டு பேருக்கும் பொருந்தும் என்றார். கை தூக்கச் சொன்னார். ஆறு கை உயர்ந்தது. எப்லேக்கு அவமானம், தன் சொல்லில் பாதியை அந்தத் தமிழச்சிக்குக் கொடுத்துவிட்டார்களே என்று. பத்து வருஷம் ஒருவர் வாயிலும் வராமல் தவமலர் காவல் காத்த சொல்லை, ஒரு ரயில்வே மனுசன் சூப் ஆறுகிறது என்பதற்காக எழுதிவிட்டான்.

பிறகென்ன, சொல் படியிறங்கித் தெருவுக்கு வந்தது. உள்ளூர்ப் பத்திரிகை முதல்பக்கத்தில் போட்டது. மூலையிலிருந்த வெதுப்பகத்தில் நடுவில் கிறீம் இல்லாமல் இரண்டு கேக் துண்டை ஒட்டி அந்தப் பெயரில் விற்றார்கள், நல்லாகவே விற்றது. பக்கத்துப் பக்கத்தில் கட்டில் இருந்தும் பேச்சுவார்த்தை இல்லாத கிழவிகளை முதியோர் இல்லத்தில் அப்படிக் கூப்பிடத் தொடங்கினார்கள். பல்கலைக்கழகமொன்றிலிருந்து ஒரு பேராசிரியர், சொற்களின் பிறப்பை ஆராய்கிறவர், ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து கூர்ட்ஸிடம் இரண்டு மணித்தியாலம் கதைத்தார், எப்லேயிடம் ஒரு மணித்தியாலம் கதைத்தார், தவமலரிடம் கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டார். தவமலர் ஆஸ்பத்திரி சலவைப் பகுதியில் வேலை செய்கிறவள். அங்கே கூட வேலை செய்கிறவர்கள் அன்பாகத்தான் கூப்பிட்டார்கள், "எங்கள் வாண்ட்விட்வே வந்துவிட்டாள்" என்று. அவள் துவைத்த போர்வைகளை உதறுகிற உதறலில் அந்தச் சொல்லும் தூசாய்ப் போகாதா என்று பார்த்தாள். போகவில்லை.

வெள்ளைக்காரன் செய்ததையாவது பொறுக்கலாம். நம்முடைய தமிழ்ச் சங்கம் செய்ததுதான் பொறுக்கமுடியாதது. சங்கத் தலைவர் அருமைநாயகம் அண்ணை, ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னாடையும் கையுமாக, படம் எடுக்க ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். மாதப் பத்திரிகையில் "சுவர்விதவை: ஜெர்மன் மொழிக்கு ஈழத்தமிழ்ப் பெண்ணின் கொடை" என்று தலைப்பும் போட்டாயிற்றாம்.

"தங்கச்சி, உமக்கு இதின்ர பெறுமதி விளங்கேல்லை," என்றார். "நாங்கள் இந்த நாட்டில கோப்பை கழுவினம், கக்கூசு கழுவினம். இவங்கட பாஷைக்குள்ள பூந்த முதல் ஆள் நீர்தான்."

"அண்ணை, அதுக்கு என்ன அர்த்தம் எண்டு தெரிஞ்சுதானே தமிழில எழுதினியள்?"

"தெரியாமலே? சுவரை இழந்தவள்."

"சுவரை மட்டுமே?"

அருமைநாயகம் அண்ணை அவள் நெற்றியைப் பார்த்தார், பிறகு பொன்னாடையைப் பார்த்தார், பிறகு அதை மடிக்கத் தொடங்கினார். அந்தப் பக்கத்துக் குசினியில் எப்லே உருளைக்கிழங்கு சீவிக்கொண்டு, ஒரு சொல்லும் விளங்காமல், எல்லாம் விளங்கிய மாதிரி மூக்கால் ஊதினாள்.

அடுத்ததாக, நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. நடுச்சுவர் இல்லாத இரண்டு வீடு சட்டப்படி ஒரு வீடு. ஒரு வீட்டுக்கு ஒரு வாடகைக்காரர்தான். முந்தி வந்தவர் எப்லே, ஆகவே தவமலர் மூன்று மாதத்தில் வெளியேறவேண்டும். அல்லது, நகரசபை இந்த விசேஷ நிலைமைக்காகப் புதிதாகத் திறந்திருக்கிற பதிவேட்டில் இரண்டு பேரும் தங்களை "வாண்ட்விட்வே" என்று கையெழுத்துப் போட்டுப் பதிந்துகொண்டால், சுவர் இல்லாமலே இரண்டு வீடாக இருந்துகொள்ளலாம். சலுகையாம்! ஊரே கூர்ட்ஸின் கையைப் பிடித்துக் குலுக்கியது.

தவமலர் அந்தக் கடிதத்தை மூன்று நாள் மேசையில் வைத்துக்கொண்டு இருந்தாள். கையெழுத்துப் போடாவிட்டால் விலாசம் போகும். அவர் எங்கேயிருந்தோ, எந்தச் சிறையிலிருந்தோ, எந்தக் கடலிலிருந்தோ அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு வந்து மணியை அடித்தால், வேறெவனோ கதவைத் திறந்து, அப்படி ஒருத்தியைத் தெரியாது என்பான். கையெழுத்துப் போட்டால் விலாசம் இருக்கும், ஆனால் வருகிறவரை அவளே தன் கையால் செத்தவராக்கியிருப்பாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருக்குத்தான் அடி. மூன்றாம் நாள் காலை எப்லே தன் பக்கத்து எல்லையில், ஒரு மயிரிழைகூடத் தாண்டாமல் வந்து நின்று, "போடாதீர்கள்" என்றாள். "அது உங்களுக்குரிய சொல் இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு போங்கள்."

அந்த மனுசி அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் தவமலர் ஒருவேளை போயிருப்பாள். அன்றைக்கே பஸ் பிடித்துப் போய்க் கையெழுத்தைப் போட்டுவிட்டாள். போகும்போது மனதுக்குள் அவரிடம் சொன்னாள், "கோவிக்காதேயுங்கோ, இது சுவரைப்பற்றின கதைதான், உங்களைப்பற்றி இல்லை. நீங்கள் வந்து சேருங்கோ, பேந்து அந்தச் சொல்லை வெட்டிப்போடலாம்" என்று. எப்லேயும் அடுத்த நாள் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள், தான் போடாமல் விட்டால் வீடு முழுக்கத் தவமலருக்கே போய்விடும் என்று யாரோ சொன்னதால்.

பதினொரு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, பால் பொங்குகிற நேரத்துக்குள், சுவர் திரும்பி வந்தது. கடைக்குப் போய் வந்த ஆள்போல, எங்கே போனாய் என்று கேட்காதே என்கிற மாதிரி நின்றது. பழைய எண்ணெய்ப் புகைக் கறை, ஆணி ஓட்டை, தும்புத்தடி இடித்த பள்ளம், ஒன்றும் குறையவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து மூன்று இடி கேட்டது. தவமலர் அடுப்பைக் கூட்டி ஒரு கைப்பிடி கடுகை எண்ணெயில் போட்டாள். கட்டடத்துச் சனம் நிம்மதியாக மூச்சு விட்டது, இனி எப்போதும் எட்டுக் கிழமைக்கு ஒருமுறைதான். வெதுப்பகத்தில் கேக்குக்கு நடுவில் கிறீம் பூசினார்கள், பெயரை மாற்றவில்லை.

மூன்றாவது கிழமை நகரசபைக் கடிதம் வந்தது. சுவர் திரும்பியது கம்பனியால் அளந்து உறுதிசெய்யப்பட்டது, ஆகவே பதிவேட்டில் "சுவர்" என்பது இரத்துச் செய்யப்படுகிறது. கீழே, வழக்கம்போல, அவளுடைய விபரம்: பெயர், பிறந்த தேதி, விலாசம். குடும்ப நிலை: விதவை.

தவமலர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். எழுத்துப் பிழை என்று நினைத்து, சலவைப் பகுதியில் லீவு கிடைக்கிற செவ்வாய்க்கிழமை, கந்தோருக்குப் போனாள். நாலாம் இலக்க அறையில் இருந்தவன் இளம் உத்தியோகத்தன், மரியாதையான பிள்ளை, கதிரையை இழுத்துப் போட்டான். கோப்பை விரித்துப் பார்த்து, பிழை ஒன்றும் இல்லை என்றான். இரண்டு சொல் ஒட்டியிருந்தது, ஒன்றுக்குக் காரணம் இல்லாமல் போனது, எடுத்தாயிற்று. மற்றது அவளே கையெழுத்துப் போட்டு ஒத்துக்கொண்டது.

"அதையும் எடுங்கள்," என்றாள் தவமலர்.

"சுவர் வந்தபடியால் சுவரை எடுத்தோம், அம்மா. இதை எடுக்க அவரும் வரவேண்டும். நேரில், அடையாள அட்டையோடு."

அவன் கிண்டலுக்குச் சொல்லவில்லை. சட்டம் அப்படித்தான் இருந்தது, அது எழுதியிருந்த தாளை அவள் பக்கம் திருப்பி விரலால் தொட்டும் காட்டினான். தவமலர் அந்தத் தாளில் ஒரு பிரதி கேட்டாள். கைப்பையில் மடித்து வைத்தாள். பொட்டைச் சரிபார்த்துக்கொண்டு வெளியே போனாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை கந்தோர் திறக்கும்போதே வந்துவிட்டாள். வாசலில் இருக்கிற பொறியை அமுக்கினால் வரிசை இலக்கம் அச்சடித்த துண்டு வரும். ஒரு தரம் அமுக்கி ஒரு துண்டு எடுத்தாள். இன்னொரு தரம் அமுக்கி இன்னொரு துண்டு எடுத்தாள். சுவரோரக் கதிரையில் தான் இருந்து, பக்கத்துக் கதிரையில் இரண்டாவது துண்டை வைத்தாள். யாரோ ஒரு மனுசன் அங்கே இருக்க வர, "ஆள் இருக்கு" என்றாள். பலகையில் நாற்பத்தொன்று விழுந்தது, அது அவளுடையது, அவள் எழும்பவில்லை. நாற்பத்திரண்டு விழுந்து மணி அடித்தது. ஒருவரும் போகவில்லை. திரும்ப அடித்தது. இளம் உத்தியோகத்தன் நாலாம் அறைக் கதவைத் திறந்து, இலக்கத்தை வாய்விட்டுக் கூப்பிட்டான், தவமலரைக் கண்டான், பிறகு கதிரையில் கிடந்த துண்டைக் கண்டான். மூடிவிட்டுப் போயிருக்கலாம். அவன் கதவைப் பிடித்தபடி நின்றான். காத்திருந்த சனமெல்லாம், யாருக்காக என்று தெரியாமலே, அவன் பார்த்த பக்கம், தெருவாசலைத் திரும்பிப் பார்த்தது.